காய்ச்சல் வந்தால் கிளினிக் குளிசை என்ன செய்யும்?

ஆசிரியர் அவர்கட்கு,

மாரி பிடித்துவிட்டால் வன்னிக்கு வருகிற பத்திரிகைகள் எல்லாவற்றிலும் டெங்கு வந்துவிடும். சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள், பழைய டயரை அகற்றுங்கள், கிணற்றடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். எல்லாம் சரியான புத்திமதிதான். ஆனால் தொய்வுக்கோ இருதயத்துக்கோ சலரோகத்துக்கோ நாள்தோறும் நாலைந்து குளிசை விழுங்குகிற ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், ஏற்கெனவே குடித்துவரும் அந்தக் குளிசைகள் உடம்புக்குள் என்ன செய்யும் என்பதை யாரும் எழுதுவதில்லை. துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் வீட்டுக்கு ஒரு கிளினிக் கொப்பியாவது இருக்கிற காலம் இது. ஆகவே கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறோம்.

விழுங்கிய மருந்து உடம்பில் அப்படியே தங்குவதில்லை. அனேகமானவற்றை ஈரல் உடைத்துக் கழிக்கிறது. அந்த வேலையில் பெரும்பங்கு சைற்றோகுரோம் பி450 என்ற நொதியக் குடும்பத்தினுடையது. "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று வைத்தியர் எழுதும்போது, இன்று உள்ளே போவதில் எவ்வளவு நாளைக்குள் வெளியேறும் என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது. குளத்துக்கு வருகிற தண்ணீர் கூடாவிட்டாலும் துருசைப் பாதி மூடினால் மட்டம் ஏறும் அல்லவா? காய்ச்சலில் நடப்பது அதுதான். வைரசை எதிர்க்க உடம்பு இன்டர்பெரோன், இன்டர்லூக்கின்-6 போன்ற பொருட்களைச் சுரக்கிறது. அவை ஈரல் கலங்களுக்குப் போய், இந்த நொதியங்களைப் புதிதாக ஆக்கும் வேலையைக் குறைத்துவிடுகின்றன. பழைய நொதியம் தேய்ந்து முடிய ஒன்றிரண்டு நாள் எடுக்கும். அதனால் காய்ச்சலின் முதல் நாளில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் மூன்றாம் நாளில்தான் மருந்தின் மட்டம் ஏறத் தொடங்கும். காய்ச்சல் விட்ட பிறகும் ஈரல் பழைய நிலைக்கு வரச் சில நாட்கள் ஆகும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இன்டர்பெரோனைத் தூண்டும் பொருட்கள் ஈரலின் பி450 நொதியங்களைக் குறைப்பதை ரென்ரன், மனறிங் என்ற இருவர் 1976இலேயே விலங்குகளில் காட்டினார்கள். 1980இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிங் கவுண்டி என்ற இடத்தில் இன்புளுவென்சா பி பரவியபோது, தொய்வுக்குத் தியோபிலின் எடுத்துவந்த 11 பிள்ளைகளுக்கு அந்த மருந்தே நஞ்சாகியது. அதுவரை அவர்களுக்கு ஒத்துப்போன அளவுதான். கொவிட் காலத்திலும் இதைப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. நோயாளருக்குக் கொடுக்கிற லோப்பினாவிரைக் கொவிட் நோயாளருக்குக் கொடுத்தபோது இரத்தத்தில் அதன் மட்டம் வழக்கத்தைவிட நன்றாக ஏறியிருந்தது. அழற்சி கூடியவர்களிடம் ஏற்றமும் கூட இருந்தது.

எல்லா மருந்தும் இப்படி ஏறுவதில்லை. சாதாரணத் தடிமனுக்கு ஈரல் இவ்வளவு அசைந்துகொடுப்பதும் இல்லை. காய்ச்சல் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குத்தான் விளைவும். வைரசு மட்டும்தான் இதைச் செய்யும் என்றும் இல்லை. அழற்சி கடுமையாக இருந்தால் பக்ரீரியாத் தொற்றிலும் இதே கதைதான். மட்டம் ஏறினாலும் பெரிதாகக் கெடுதி செய்யாத மருந்துகள் நிறைய உண்டு. பயப்பட வேண்டியவை, போதிய அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி ஒடுங்கியவை. கிளினிக்குகளில் கொடுபடுகிறவற்றில் தியோபிலின், வார்பரின், குளோசபின் மூன்றையும் முன்னுக்கு வைக்கலாம். வலிப்புக் குளிசைகள் அதற்கடுத்தவை.

தியோபிலினைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். இரத்தத்தில் லீற்றருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் என்பதே இதற்கு வகுத்த எல்லை. கீழ்ப்பகுதியிலேயே பலருக்கு வேலை செய்யும். 20ஐத் தாண்டினால் தொல்லை. புகைக்காத ஒரு பெரியவரின் உடம்பில் இருக்கிற தியோபிலின் பாதியாகக் குறைய ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் எடுக்கும். ஒருவருக்கு மட்டம் 12இல் நிற்கிறது என்று வைப்போம். காய்ச்சலில் கழிவு பாதியானால், குளிசையை ஒன்றுகூடக் கூட்டாமலே மட்டம் 24ஐ நோக்கி ஏறும். ஏறி முடிய இரண்டரை, மூன்று நாள் செல்லும். ஆனால் 20ஐ அதற்கு முன்பே தாண்டிவிடும். ஆகவே டெங்கு என்று சந்தேகித்து இரத்தம் பார்க்கச் சொல்கிற மூன்றாம் நாளை ஒட்டியே வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், நித்திரையின்மை எல்லாம் வரும். வீட்டார் "காய்ச்சல் வாந்தி" என்றே நினைப்பார்கள். சில வேளை பார்க்கிற வைத்தியரும் அப்படி நினைக்கக்கூடும். மட்டம் இன்னும் ஏறினால் இருதயத் துடிப்பு ஒழுங்கு குழம்பும், வலிப்பும் வரும். சிறிய வைத்தியசாலைகளில் தியோபிலின் மட்டத்தை இரத்தத்தில் பார்க்க வசதி கிடையாது. நோயாளி வாய்திறந்து "நான் தொய்வுக் குளிசை குடிக்கிறனான்" என்று சொன்னால்தான் உண்டு.

இதே மருந்தில் இன்னும் சில கண்ணிகள் உண்டு. ஒன்று, மெதுவாகக் கரையும்படி செய்த குளிசையை அரைத்துக் கொடுப்பது. தொண்டை நோவில் விழுங்க முடியாத ஆச்சிக்குக் கரண்டியால் நசித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிரித்துவிட வேண்டிய முழு அளவும் ஒரேயடியாக இறங்கும். மற்றது பீடி, சுருட்டு. புகையில் உள்ள தார்ப் பொருட்கள் இந்த நொதியத்தைத் தூண்டி வைத்திருக்கும். ஆகவே புகைக்கிறவருக்கு அளவு கூட்டியே எழுதப்பட்டிருக்கலாம். காய்ச்சலில் சுருட்டை நிறுத்தியதும் அந்தத் தூண்டலும் போய்விடும், ஈரல் இரண்டு பக்கத்தாலும் மெதுவாகும். (அதற்காகச் சுருட்டைத் தொடரச் சொல்லவில்லை. அளவைக் குறைக்கக் கேளுங்கள்.) வேறொன்று, காய்ச்சலுக்கென்று கடையில் வாங்கும் அன்ரிபயோற்றிக். சிப்ரோபிளொக்சசினும் எரித்ரோமைசினும் தியோபிலினை உடைக்கும் நொதியங்களைத் தாமே தடுப்பவை. வைரசுக் காய்ச்சலுக்கு அவற்றால் பயனும் இல்லை. காய்ச்சலுக்குச் சூடாகக் கோப்பி குடித்துக்கொண்டே இருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள கபீனும் இதே வழியால்தான் கழிகிறது. நெஞ்சு படபடப்பவருக்கு மல்லித்தண்ணியும் கஞ்சியும் போதும்.

வார்பரின் வேறு மாதிரி. வால்வு மாற்றியவர்களும் இருதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களும் இரத்தம் உறையாமல் இருக்க எடுப்பது. இதற்கு, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற கணக்குப் பார்ப்பார்கள். பலருக்கு 2 முதல் 3, செயற்கை மைற்றல் வால்வுக்கு 2.5 முதல் 3.5. காய்ச்சலில் இந்த எண் நாலு காரணத்தால் ஏறும். ஈரல் வார்பரினை மெதுவாக உடைக்கிறது. காய்ச்சல் சூட்டில் உறையவைக்கும் காரணிகள் வேகமாகச் செலவாகின்றன. சாப்பாடு இறங்காததால் கீரைவகையில் கிடைக்கும் விற்றமின் கே குறைகிறது. போதாததற்கு, நாளுக்கு நாலு பனடோல் (பரசிற்றமோல்) வீதம் சில நாள் தொடர்ந்து எடுத்தாலே ஐ.என்.ஆர். ஏறக்கூடும். பனடோலை விட்டு வேறு நோவுக் குளிசைக்குப் போவது இதைவிடக் கேடு. ஆகவே வார்பரின் எடுப்பவர் காய்ச்சலின் இரண்டாம் நாளிலேயே வைத்தியசாலைக்குப் போய் ஐ.என்.ஆர். பார்க்கக் கேட்க வேண்டும். முரசில் இரத்தம், கறுத்த மலம், சிவந்த சலம், காரணமில்லாத கண்டல், கடுந்தலையிடி இவற்றில் எது கண்டாலும் அடுத்த வேளைக் குளிசைக்கு முன் 1990 அம்புலன்ஸ் சேவைக்குப் போன் அடியுங்கள். டெங்கு என்றால் இரத்தம் உறைய உதவும் பிளேற்லெற்றும் விழும். அப்போது வார்பரினை நிறுத்துவதா, எத்தனை நாள் நிறுத்துவதா என்பது வாட்டில் தீர்மானிக்க வேண்டிய விடயம். செயற்கை வால்வு உள்ளவர் வீட்டிலிருந்து தானாக நிறுத்தினால் வால்வில் இரத்தக் கட்டி பிடிக்கும்.

குளோசபின் மனநலக் கிளினிக்கில் கொடுபடுவது. இதை எழுதாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் இந்த நோயாளிகளில் சிலர் தங்களுக்கு நடப்பதை எடுத்துச் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும். தியோபிலினை உடைக்கும் அதே நொதியம்தான் இதையும் உடைக்கிறது. கடுந்தொற்றில் இதன் மட்டம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிய பதிவுகள் உண்டு. எழுப்ப முடியாத நித்திரை, வாயால் வீணீர் வழிவது கூடுவது, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், வலிப்பு ஆகியன அறிகுறிகள். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. குளோசபின் சிலருக்கு வெண்குருதிக் கலங்களை அடியோடு இறக்கிவிடும். அதன் முதல் அடையாளமே காய்ச்சலும் தொண்டை நோவும்தான். டெங்குவிலும் வெண்குருதிக் கலம் குறையும். எதனால் குறைந்தது என்று வீட்டில் இருந்து ஊகிக்க முடியாது. ஆகவே இவர்களுக்கு மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல், காய்ச்சல் தொடங்கிய அன்றே எப்.பி.சி. (இரத்தக் கலங்களின் எண்ணிக்கை) பார்க்க வேண்டும். பயந்துபோய்க் குளிசையை வீட்டில் நிறுத்துவதும் பிழை. 48 மணித்தியாலத்துக்கு மேல் விடுபட்டால் பழைய அளவில் மீண்டும் தொடங்க முடியாது. 12.5 மில்லிகிராமில் இருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும்.

வலிப்புக் குளிசையை எந்தக் காய்ச்சலிலும் ஒரு வேளைகூட விடக் கூடாது. காய்ச்சலே வலிப்பைத் தூண்டும். ஆனால் பார்வை இரண்டாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால் மட்டம் ஏறிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். பினைற்ரோயினை உடைக்கும் நொதியம் வழக்கமான அளவிலேயே நிரம்பி வழியும் நிலையில் இருப்பதால், சிறிய மாற்றமும் பெரிய ஏற்றமாகத் தெரியும். காபமசெப்பின் எடுப்பவருக்கு எரித்ரோமைசினோ கிளரித்ரோமைசினோ எழுதப்பட்டால், குளிசை கொடுக்கும் யன்னலிலேயே அதைச் சொல்லி, அந்த அன்ரிபயோற்றிக்கை மாற்றித் தரக் கேளுங்கள். கொலஸ்ரரோல் குளிசைகளான அற்றோவஸ்ரற்றின், சிம்வஸ்ரற்றின் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காய்ச்சலில் தசை நோவு கடுமையாக இருந்தால் வைத்தியரைக் கேட்டுச் சில நாள் விட்டாலும் குடிமுழுகாது.

இனி, ஈரலோடு சம்பந்தமில்லாமல் காய்ச்சலில் குழப்படி செய்யும் ஒரு கூட்டம். சலரோகக் குளிசையான மெற்போமினை ஈரல் உடைப்பதில்லை, அது சிறுநீரகத்தால் அப்படியே வெளியேறுவது. வாந்தி, வயிற்றோட்டத்தில் உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் மந்தமாகி மெற்போமின் தேங்கும், இரத்தத்தில் அமிலம் கூடும். பிரஷர் குளிசைகளான லொசாட்டன், எனலப்ரில், நீர்க்குளிசையான புரூசமைட் ஆகியவை நீர் வற்றிய உடம்பில் பிரஷரை இன்னும் இறக்கிச் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் குறைக்கும். வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து. ஒன்றும் வயிற்றில் நில்லாமல் வாந்தி எடுக்கும் நாளில் இவற்றை இடைநிறுத்துவதா என்று அன்றைக்கே கேளுங்கள். நிறுத்தினால், சாப்பாடும் தண்ணீரும் வழமைக்கு வந்து 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் மறுபடி தொடங்க மறக்காதீர்கள். வாந்தி, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனியைப் பைக்கற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பைக்கற்றையும் கரையுங்கள். பாதிப் பைக்கற்றைக் கோப்பையில் கரைத்தால் உப்பின் கணக்குப் பிழைத்துவிடும்.

சலரோகத்தில் காய்ச்சல் சீனியை ஏற்றும், பட்டினி இறக்கும். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் சீனி விழும். 70 mg/dLக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவருக்கு வாயால் ஒன்றும் ஊற்றக் கூடாது. ஊசி போடுபவர் இன்சுலினை முற்றாக நிறுத்தவே கூடாது. அளவை மட்டும் கேட்டு மாற்றலாம். நீண்ட காலம் பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரெரொயிட் குளிசை எடுப்பவர்களும் அப்படியே. டெங்குக் காய்ச்சலுக்கென்று புதிதாக ஸ்ரெரொயிட் கொடுப்பது பிழை. ஆனால் ஏற்கெனவே மாதக்கணக்காக எடுப்பவர் சடுதியாக நிறுத்துவது உயிராபத்து.

பனடோலுக்கு வருவோம், ஏனெனில் காய்ச்சலில் எல்லோர் கையிலும் இருப்பது அதுதான். இதில் பெரும்பகுதியை ஈரல் பி450 இல்லாத வேறு வழியால் கழிக்கிறது. டெங்குச் சந்தேகத்தில் இதையே தருவது, மற்ற நோவுக் குளிசைகள் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால். சிறு பகுதி மட்டும் பி450 வழியே போய் ஒரு நச்சுப்பொருளாகிறது. அதைக் குளுற்றாதயோன் என்ற பொருள் உடனே பிடித்து முறித்துவிடும். மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடாதவரிடமும் தினமும் குடிப்பவரிடமும் குளுற்றாதயோன் கையிருப்புக் குறைவு. டெங்கு ஈரலையும் தாக்குவது. ஆகவே எல்லை முக்கியம். 500 மில்லிகிராம் குளிசை, 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் இல்லை. 40 கிலோ ஆச்சிக்கு ஒரு தடவைக்கு ஒன்று, நாளுக்கு நாலு. எங்களூரில் ஆச்சிமாருக்கும் இரண்டிரண்டாகவே கொடுபடுகிறது. குடிப்பழக்கம் உள்ளவர், ஈரல் நோய் உள்ளவர் நாளுக்கு நாலுக்கு மேல் போகக் கூடாது. தடிமன் குளிசைகள் பலவற்றுக்குள்ளும் பனடோல் மருந்தே இருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோப் பிள்ளைக்கு 150. ஐந்து மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் இது 6 மில்லிலீற்றர் அளவு வரும். மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் 1.5 மில்லிலீற்றர்தான். பாணிக்கான அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் 600 மில்லிகிராம், நாலு மடங்கு! போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள், சமையல் கரண்டியை விட்டுப் போத்தலோடு வரும் மூடியால் அளவுங்கள். காய்ச்சல் முற்றாக இறங்கவில்லையே என்று நாலு மணித்தியாலத்தில் அடுத்ததைக் கொடுக்காதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்து உடம்பைத் துடையுங்கள்.

டைக்ளோபெனக், இபுபுரோபென், மெபெனமிக் அசிட் ஆகிய நோவு மருந்துகள் மூன்றும் டெங்குச் சந்தேகத்தில் வேண்டாம், குளிசையாகவோ ஊசியாகவோ பின்பக்கம் வைப்பதாகவோ எந்த உருவத்திலும். அஸ்பிரினும் காய்ச்சலுக்கு வேண்டாம். இருதயத்துக்காகத் தினமும் அஸ்பிரின் எடுப்பவர் காய்ச்சல் தொடங்கியதும் வைத்தியரைக் கேட்க வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டவருக்கு இன்புளுவென்சாவிலோ கொப்புளிப்பானிலோ அஸ்பிரின் கொடுத்தால் ஈரலும் மூளையும் ஒன்றாகக் கெடும் றேயின் நோய் வரலாம். 1963இல் அவுஸ்திரேலியாவில் விபரிக்கப்பட்டது. அஸ்பிரினைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நின்ற பிறகு அது மிக அரிதாகிவிட்டது.

இவ்வளவும் தெரிந்தும் ஒரு இடத்தில் எல்லாம் தடைப்பட்டு நிற்கும். காய்ச்சலோடு வருபவரிடம் "என்ன குளிசை குடிக்கிறியள்?" என்றால், "வெள்ளைக் குளிசை ஒண்டு, மஞ்சள் ஒண்டு" என்பார். வெளியில் மருந்து எடுத்தவர் சிறு கடதாசிப் பைக்கற்றை நீட்டுவார். அதில் "1 – 1" என்ற எண்ணைத் தவிர மருந்தின் பெயர் இராது. பெயரில்லாத பைக்கற்றை வாங்காதீர்கள், பெயரையும் மில்லிகிராமையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இது உங்கள் உரிமை. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் போனில் படமெடுத்து, வீட்டில் வேறொருவரின் போனிலும் வையுங்கள். மழையில் கொப்பி நனைந்து மை கரைந்துபோன பிறகு எங்களாலும் வாசிக்க முடியாது. குடித்த பப்பா இலைச் சாற்றையும் பரியாரியார் தந்த குடிநீரையும் ஒளிக்க வேண்டாம், ஏச மாட்டோம்.

காய்ச்சலுக்குக் குறைத்த அளவு காய்ச்சல் விட்ட பின்னும் அப்படியே நின்றுவிடுவதும் நடக்கிற பிழை. ஈரல் திரும்பிவிட்டால் குறைத்த தியோபிலின் போதாது, முட்டு மறுபடி வரும். குறைத்த வார்பரினும் போதாது. வாட்டில் இருந்து வீட்டுக்கு விடும்போது "எத்தனையாம் தேதி பழைய அளவுக்குப் போவது, அடுத்த ஐ.என்.ஆர். எப்போது" என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

சுகாதாரப் பகுதியிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். கிளினிக் கொப்பியின் முன்னட்டை உட்பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. அதில் தமிழில் ஐந்தாறு வரி அச்சடிக்கலாம்: இந்த நோயாளி எடுக்கும் மருந்தில் காய்ச்சலில் எது ஆபத்து, எதை நிறுத்தவே கூடாது, எத்தனையாம் நாள் என்ன இரத்தப் பரிசோதனை. அச்சுக்குக் காசு வரும்வரை ஒரு இறப்பர் முத்திரை போதும். தியோபிலின், வார்பரின், குளோசபின் எடுப்பவர்களின் கொப்பியில் சிவப்பு மையில் குத்தினால், வெளிநோயாளர் பிரிவில் இருநூறு பேர் வரிசையில் நிற்கிற காலையிலும் அது கண்ணில் படும். மாரிக்கு முன்னான கிளினிக் நாட்களிலேயே இதைத் தொடங்கலாம்.

இங்ஙனம்,
வன்னி வைத்தியசாலைகளில் கடமையாற்றும் மருந்தாளர்கள் சிலர்